பழைய புல்வெட்டி வண்டியின் இன்ஜின் வேகம்: ஊசலாடினால், படுத்துவிட்டால், எகிறினால்

வட அமெரிக்கப் புறநகரில் அரை ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியவர்கள், தள்ளுகிற மோவரோடு ஒரு கோடையைக் கழித்ததும் உட்கார்ந்து ஓட்டும் வண்டியைத் தேடத் தொடங்குகிறார்கள். புதியதின் விலை மலைக்க வைக்கும். பழையது சில நூறு டாலருக்கே கிடைக்கும். விற்பவர் "நன்றாக ஓடும், கார்புரேட்டரை மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஒரே வேகத்தில் நிற்காது. உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். அல்லது பிளேடைப் போட்டதும் மூச்சு முட்டி நின்றுவிடும்.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசை மாறக்கூடாது. வேகம் சரியில்லை என்றதும் பலரும் நேராக, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கை வைக்கிறார்கள். ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுவது, தகட்டை வளைப்பது, இருக்கிற திருகையெல்லாம் திருகிப் பார்ப்பது என்று போகிறது வேலை. குறை இருப்பது பெரும்பாலும் பெட்ரோல் பாதையில். இப்போது கவர்னரும் கெட்டு, ஒரு குறை இரண்டாகிவிடும். இந்த அத்தியாயத்தில் கவர்னர் கடைசியில் வருவதற்குக் காரணம் அதுதான்.

தெரிந்திருக்க வேண்டிய அளவு மட்டும்

உங்கள் கையில் இருக்கும் த்ராட்டில் லீவர், கார் ஆக்சிலரேட்டர் மாதிரி கார்புரேட்டரை நேரடியாகத் திறப்பதில்லை. அது ஒரு ஸ்பிரிங்கை இழுக்கிறது, அவ்வளவுதான். அந்த ஸ்பிரிங் கார்புரேட்டரின் த்ராட்டில் தட்டைத் திறக்கப் பார்க்கும். இன்ஜினுக்குள் சுழலும் சிறு எடைகள், வேகம் கூடக் கூட விரிந்து, ஒரு தண்டு வழியாகவும் அதில் பொருத்திய கவர்னர் கை வழியாகவும் அதே தட்டை மூடப் பார்க்கும். இந்த ஏற்பாடுதான் கவர்னர். ஸ்பிரிங்கும் எடைகளும் கயிறு இழுக்கும் போட்டிபோல எதிரெதிராக இழுத்துச் சமநிலைக்கு வரும் இடமே இன்ஜினின் வேகம். புல் அடர்ந்து வேகம் குறைந்தால் எடைகளின் பிடி தளரும், ஸ்பிரிங் தட்டைத் திறக்கும், வேகம் மீளும்.

இதிலிருந்து ஒன்று புரியும். பெட்ரோல் போதாமல் வேகம் விழுந்தால் கவர்னர் உடனே தட்டைத் திறக்கும். இன்ஜின் திடீரென்று எகிறும். உடனே கவர்னர் மூடும். மறுபடி விழும். கவர்னர் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் உங்கள் காதில் அந்த ஏற்ற இறக்கம் கேட்கிறது.

கை வைக்கும் முன்

1. வண்டியைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே இன்ஜினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.
2. பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். பிளேடு சுவிட்சை அணையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள்.
3. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டையும். பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடுங்கள்.
4. சைலன்சர் ஆறும்வரை பெட்ரோல் வேலை எதுவும் வேண்டாம். அருகே சிகரெட், பைலட் சுடர் எரியும் வாட்டர் ஹீட்டர், தீப்பொறி கிளப்பும் கருவி எதுவும் இருக்கக்கூடாது.
5. கண்ணாடி அணியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் துளைக்குள் அடித்தால் வேறொரு துளை வழியாகத் திரும்பி முகத்தில்தான் பீய்ச்சும்.
6. இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டிய சோதனைகளில் தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

சீட்டுக்கு அடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். பிளேடு சுழலும்போது நீங்கள் எழுந்தால் இன்ஜினை அணைப்பது அதன் வேலை. பழைய வண்டிகளில் அதை ஒரு துண்டு வயரால் இணைத்துச் செயலிழக்கச் செய்திருப்பார்கள். அப்படி இருந்தால் இன்ஜின் வேலைக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சுழலும் பிளேடுக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் காவல் அது.

முந்தைய உரிமையாளர் என்ன செய்தார்?

புதிய வண்டிக்கும் பழைய வண்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். புதியதில் தேய்மானத்தைத் தேடுவோம். பழையதில் யாரோ ஒருவரின் கைவேலையைத் தேட வேண்டும். கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் டார்ச் விளக்கோடு கால் மணி நேரம் செலவழியுங்கள்.

முதலில் இன்ஜினின் அடையாள எண்களைப் படம் பிடியுங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்றால் மாடல், டைப், கோடு என்று மூன்று எண்கள் உலோகத்தில் பொறித்திருக்கும். கோஹ்லர் என்றால் மாடலோடு ஸ்பெக் எண்ணும் வேண்டும். மோவரின் மேல் ஒட்டிய ஜான் டியர், கிராஃப்ட்ஸ்மேன், ஹஸ்க்வார்னா பெயரை வைத்து இன்ஜின் பாகம் வாங்க முடியாது. இந்த எண் இல்லாமல் வாங்கிய ஸ்பிரிங் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், இழுவிசை வேறாக இருக்கும்.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரைச் சுற்றியுள்ள கம்பிகளையும் ஸ்பிரிங்குகளையும் பாருங்கள்:

- கவர்னர் கையில் பல துளைகள் இருக்கலாம். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது? பக்கத்துத் துளை பளபளவென்று தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் ஆண்டுக்கணக்கில் இருந்த இடம் அதுதான், யாரோ மாற்றியிருக்கிறார்கள். வேகத்தை ஊசலாட வைக்கத் தவறான துளையில் மாட்டிய ஸ்பிரிங் ஒன்றே போதும்.
- பல இன்ஜின்களில் கவர்னரையும் த்ராட்டிலையும் இணைக்கும் கம்பியோடு மெல்லிய நீள ஸ்பிரிங் ஒன்று ஓடும். கம்பியின் தளர்வை அது எடுத்துவிடும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர்கள் அதை மறந்துவிடுவது சாதாரணம். இல்லாவிட்டால் வேகம் நடுங்கிக்கொண்டே இருக்கும்.
- வளைந்த தகடு, இடுக்கியின் பல் பதிந்த கம்பி, ரப்பர் பேண்டு, கட்டுக்கம்பி எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.
- காய்ந்த புல், தூசி, எலிக்கூடு. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த வண்டியில் விசிறி மூடிக்கு அடியில் எலி குடியிருந்திருக்கும். இந்தக் கம்பி இணைப்பில் (லிங்க்கேஜ்) சிக்கிய ஒரு புல்கொத்து போதும், த்ராட்டில் பாதியில் நின்றுவிடும்.

பிறகு ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவுக் கோட்டுக்கு மேலே ஆயில் நின்றால், கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலைத் தடுக்கும் நீடில் மூடாமல் பெட்ரோல் இன்ஜினுக்குள் வழிந்திருக்கிறது. அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. நீடிலைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

காதை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றி அளக்கும் சிறிய டாக்கோமீட்டர் மலிவாகவே கிடைக்கும். அதன் அமைப்பில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இன்ஜின்கள் நான்கு ஸ்ட்ரோக் ஆனாலும் பொறி ஒவ்வொரு சுற்றிலும் வரும். இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று வைத்துவிட்டால் அளவு இரட்டிப்பாகக் காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

பிளேடு போடாமல், லீவர் முழு வேகத்தில் இருக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் 3,300 முதல் 3,600 ஆர்.பி.எம். இருக்க வேண்டும். ஐட்லிங் 1,200 முதல் 1,800 வரை. உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். ஒரே இன்ஜினை வெவ்வேறு மோவரில் வெவ்வேறு மேல்வேகத்துக்கு அமைத்திருப்பார்கள், ஏனென்றால் எல்லை இன்ஜினுக்கு மட்டுமல்ல. பிளேடின் முனை நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலை சொல்கிறது. இன்ஜினைக் கூடுதலாக முறுக்கினால் பிளேடும் அந்த எல்லையைத் தாண்டும்.

குறை 1: வேகம் ஏறி ஏறி இறங்குகிறது

அதிகம் வரும் குறை இதுதான். கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அதை உறுதிசெய்யச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

*அரை சோக் சோதனை:* இன்ஜின் சூடான பிறகு, ஊசலாட்டம் கேட்கும்போது சோக்கை மெல்லப் பாதி மூடுங்கள். வேகம் சீரானால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கீழே உள்ள வரிசையில் போங்கள். சோக் மூடியதும் கரும்புகை கக்கித் திணறினால் பெட்ரோல் போதுமான அளவு வருகிறது. லிங்க்கேஜையும் ஸ்பிரிங்கையும் மறுபடி பாருங்கள். சோக்கைப் பாதி மூடியபடியே புல் வெட்டிக் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக் கரியேறும், மிகுந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். சோதனைக்கு மட்டும் போதும்.

அ. பெட்ரோல். பழைய பெட்ரோலை முழுவதும் எடுத்துவிடுங்கள். இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டருக்குள் மாதக்கணக்கில் தங்கினால் நுண்துளைகளில் படிவு கட்டும். எடுத்த பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் வாங்கிக்கொள்வார்கள். புதிய பெட்ரோல் நிரப்பும்போது பங்க்கில் 15 சதவீத எத்தனால் குழாயைத் தவிருங்கள். புல்வெட்டி இன்ஜினில் அதைப் பயன்படுத்த அமெரிக்கச் சட்டமே அனுமதிக்கவில்லை.

ஆ. டேங்க் மூடி. கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு ஊசலாடி நிற்கிறதா? மூடியில் காற்று புகும் நுண்துளை அடைத்திருக்கலாம். டேங்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. ஊசலாடத் தொடங்கும்போது சாவியை அணைத்து, மூடியைத் தளர்த்தி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உஸ் என்று காற்று போகும் ஓசை கேட்டு, இன்ஜினும் சீரானால் புது மூடி வாங்குங்கள். துளையை ஊசியால் பெரிதாக்குவது வேண்டாம். சரிவில் பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் வழியும்.

இ. குழாயும் ஃபில்டரும். இன்ஜின் ஆறிய நிலையில், கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். டேங்க் மேலே இருக்கும் வண்டியில் பெட்ரோல் தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டினால் வழியில் உள்ள ஃபில்டரை மாற்றுங்கள். குழாய் உள்ளுக்குள் உரிந்து அடைப்பதும் உண்டு. டேங்க் தாழ்வாக உள்ள வண்டியில் சிறு பம்ப் இருக்கும். இன்ஜினின் உள்ளழுத்தத் துடிப்பால் அது இயங்கும். பம்புக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தால் பம்ப் நன்றாக இருந்தும் வேலை செய்யாது. பம்ப் தள்ளுகிறதா என்று சோதிக்க பேட்டரியை மட்டும் மறுபடி இணைத்துக்கொள்ளுங்கள். பிளக் வயர்களைக் கழற்றி இன்ஜின் உலோகத்தில் எர்த் செய்து, சில நொடி மட்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும்.

ஈ. கார்புரேட்டர் சுத்தம். மேலே உள்ளவை சரியாக இருந்தும் ஊசலாட்டம் நிற்கவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டும். அரை நாள் வேலை. அவசரப்படாமல் செய்யுங்கள்.

1. எல்லாக் கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் தெரியும்படி மூன்று பக்கமிருந்து படம் எடுங்கள். எது எந்தத் துளையில் என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.
2. பெட்ரோல் வால்வை மூடுங்கள். வால்வு இல்லாவிட்டால் குழாயைக் கிளிப் போட்டு இறுக்குங்கள்.
3. கார்புரேட்டரின் அடியில் வயரோடு ஓர் உருளை இருந்தால் அது பெட்ரோலை நிறுத்தும் சொலினாய்டு. கழற்றுமுன் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பிக் கேளுங்கள், டக் என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் முதலில் வயரைப் பாருங்கள். பெட்ரோல் வழியை இதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். கேட்டபின் பேட்டரியை மறுபடி கழற்றுங்கள்.
4. நட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரை மெல்ல வெளியே இழுத்து, சற்றுத் திருப்பிக் கம்பிகளை விடுவியுங்கள். கம்பியை வளைத்து எடுக்காதீர்கள். சில மில்லிமீட்டர் வளைந்தாலும் வேகம் மாறும்.
5. அடியிலுள்ள பவுலைக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளைத் தூளோ பச்சைப் படிவோ இருந்தால் அடைப்புக்கு அடையாளம் கிடைத்துவிட்டது.
6. ஃப்ளோட்டின் பின்னை உருவி, நீடிலை எடுங்கள். நீடில் முனையில் வளையம்போலத் தேய்ந்த தடம் இருந்தால் மாற்றுங்கள்.
7. மெயின் ஜெட்டையும் பைலட் ஜெட்டையும், பள்ளத்துக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, பொருந்தாத முனை அதைச் சிதைத்துவிடும்.
8. ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். அடைத்திருந்தால் மின்வயரின் ஒற்றைச் செம்பு இழையால் குத்துங்கள். டிரில் பிட், எஃகு ஊசி வேண்டாம். துளை துளியளவு பெரிதானாலும் அந்த ஜெட் பயனற்றது.
9. எல்லாப் பாதைகளிலும் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். ஒரு துளையில் அடித்தது மறுதுளையில் வெளிவருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ரப்பர் பாகங்களில் கிளீனர் படக்கூடாது.
10. புது கேஸ்கெட்டுகளோடு திருப்பி மாட்டுங்கள்.

பெரும்பாலோர் மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சுமையில்லாமல் ஓடும்போது வரும் ஊசலாட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் பைலட் ஜெட். இரண்டிலும் சின்னத் துளை அதுதான், முதலில் அடைவதும் அதுதான். பக்கவாட்டில் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருந்தால் தேடி எடுங்கள்.

உ. காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் கிழிந்தாலும், அங்குள்ள இன்டேக் குழாயின் போல்ட் தளர்ந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்புகளில் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரை மென்தூறலாகத் தெளியுங்கள். ஓசை மாறும் இடத்தில் கசிவு இருக்கிறது. சில மெக்கானிக்குகள் இதற்குக் கார்புரேட்டர் கிளீனரையே அடிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வீட்டில் செய்ய வேண்டாம்.

குறை 2: முழு வேகம் வரவில்லை

லீவர் முன்னே போகிறது, இன்ஜின் 2,500ஐத் தாண்டவில்லை. முதல் சந்தேகம் கேபிள்மேல். லீவரை முழு வேகத்தில் வைத்துவிட்டு இன்ஜின் பக்கம் பாருங்கள். கேபிள் இழுக்கும் தகடு தன் கடைசித் தடுப்பைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, உறையை நகர்த்தி இறுக்குங்கள். சில கோஹ்லர், கவாசாகி இன்ஜின்களில் தகட்டிலும் அதன் பின்னுள்ள பிராக்கெட்டிலும் ஒரு துளை இருக்கும். சிறு டிரில் பிட்டைச் செருகி இரண்டையும் நேராக்கியபடி கிளாம்ப்பை இறுக்கினால் அளவு சரியாக அமையும்.

அதே கேபிள் சோக்கையும் இயக்கும் வண்டிகளில், முழு வேக நிலையில் சோக் தட்டு முற்றும் திறந்திருக்கிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பாதி மூடியிருந்தால் கரும்புகையும் வேகக் குறைவும் சேர்ந்தே வரும்.

கேபிள் சரி என்றால் ஏர் ஃபில்டர், பிளக். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவோ காற்றால் ஊதவோ வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலான பிரிக்ஸ், கோஹ்லர் இன்ஜின்களுக்கு 0.76 மில்லிமீட்டர். இன்ஜின் நிற்கும்போது லீவரை முன்னே தள்ளிவிட்டு த்ராட்டில் தட்டைப் பாருங்கள், அது முழுவதும் திறந்திருக்க வேண்டும். அதைக் குறை என்று எண்ணிப் பதறாதீர்கள். எடைகள் சுழலாதபோது ஸ்பிரிங்தான் ஜெயிக்கும். திறக்கவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஏதோ ஒன்று தட்டைப் பிடித்திருக்கிறது.

குறை 3: பிளேடு போட்டதும் படுத்துவிடுகிறது

பிளேடை இணைத்த நொடியில் வேகம் சற்றே குறைந்து உடனே மீள்வது இயல்பு. மீளாவிட்டால் கேள்வி இரண்டு. சுமை மிகுதியா, இன்ஜினுக்கு வலு இல்லையா?

சுமையை முதலில் பாருங்கள். சாவியும் பிளக் வயரும் கழற்றிய நிலையில், தடித்த தோல் கையுறையோடு ஒவ்வொரு பிளேடையும் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ முரண்டு பிடித்தாலோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பின்டில்களையும் ஐட்லர் புல்லிகளையும் தனித்தனியே சுற்றிப் பார்த்துப் பேரிங் போனதைக் கண்டுபிடிக்கலாம். டெக்கின் உட்புறத்தில் கெட்டிப்பட்ட புல்லைச் சுரண்டி எடுங்கள். வண்டியை ஜாக்கில் மட்டும் தூக்கி அடியில் கை நுழைக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகே.

சுமை சரி என்றால் இன்ஜின். இரட்டை சிலிண்டர் வண்டியில் ஒரு சிலிண்டர் செத்திருந்தாலும் இன்ஜின் ஓடும். கவர்னர் த்ராட்டிலைக் கூடுதலாகத் திறந்து குறையை மறைத்துவிடும். பிளேடு போட்டதும் வெளிப்படும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் இரு எக்ஸாஸ்ட் குழாய்களின் சூட்டையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் பாருங்கள். ஒன்று கொதிக்க மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பக்கம் எரியவில்லை. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். ஷாக் அடிக்கும், இக்னிஷன் காயிலும் பழுதாகலாம்.

சூடானதும் திடீரென்று வெட்டியதுபோல் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் இன்ஜின் தள்ளாடி அடங்கும். மின்சாரம் போன இன்ஜின் சட்டென்று நிற்கும். சீட் சுவிட்சின் தளர்ந்த வயரும் இதே மாதிரி வெட்டும், மேடுபள்ளத்தில் குலுங்கும்போது குறிப்பாக.

இவை எதுவும் இல்லையென்றால் வால்வு இடைவெளி. பொதுவாக அங்குலத்தின் ஆயிரத்தில் 3 முதல் 7 பங்குக்குள் இருக்கும்; உங்கள் இன்ஜினின் எண்ணைக் கையேட்டில் பார்த்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். கம்ப்ரஷன் மீட்டரை இங்கே அதிகம் நம்பாதீர்கள். ஸ்டார்ட் செய்ய எளிதாக இருக்க அழுத்தத்தைக் கொஞ்சம் விடுவிக்கும் அமைப்பு இந்த இன்ஜின்களில் உண்டு. நல்ல இன்ஜினும் குறைந்த எண்ணையே காட்டும்.

குறை 4: வேகம் எகிறுகிறது

இது மற்றவற்றைப் போல ஆற அமரப் பார்க்கும் குறை அல்ல. ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் அலறிக்கொண்டு ஏறினால் அந்த நொடியிலேயே சாவியை அணையுங்கள். அணையாவிட்டால் சோக்கை முழுவதும் மூடுங்கள். குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். கவர்னர் இல்லாத இன்ஜினில் கனெக்டிங் ராடு முறிந்து இன்ஜின் சுவரை உடைத்துக்கொண்டு வரும். ஃப்ளைவீல் சிதறினால் துண்டுகள் பக்கவாட்டில் பாயும், நீங்கள் நிற்கும் உயரத்துக்கு.

காரணங்கள் சில மட்டுமே. கவர்னர் கம்பி கழன்றிருக்கும். கவர்னர் கையின் கிளாம்ப் தண்டில் வழுக்கியிருக்கும். த்ராட்டில் தட்டு திறந்தபடி சிக்கியிருக்கும். அல்லது உள்ளேயுள்ள கவர்னர் பல்சக்கரம் உடைந்திருக்கும். முதல் மூன்றும் வெளியிலிருந்தே தெரியும். அவற்றைச் சரிசெய்து, கீழுள்ள அமைப்பையும் முடித்த பிறகும் எகிறினால் சக்கரம்தான். அதற்கு இன்ஜினைக் கழற்றி அடிப்பகுதியைத் திறக்க வேண்டும். அதுவரை அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கவர்னரின் அடிப்படை அமைப்பு

கவர்னர் கையின் கிளாம்ப் நட்டை யாரோ தளர்த்தியிருந்தால், அல்லது வேகம் எகிறினால் மட்டும் இதைச் செய்யுங்கள். இன்ஜின் நிற்கும் நிலையில்:

1. த்ராட்டில் லீவரை முழு வேகத்தில் வையுங்கள்.
2. கவர்னர் கையைத் தண்டோடு இறுக்கும் நட்டைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம்.
3. த்ராட்டில் தட்டு முழுவதும் திறக்கும்படி கவர்னர் கையைத் தள்ளிப் பிடியுங்கள். கை எந்தத் திசையில் சுழன்றது என்று கவனியுங்கள்.
4. கையை அப்படியே பிடித்துக்கொண்டு, தண்டின் முனையைக் குறடால் அதே திசையில் நிற்கும் வரை மெல்லத் திருப்புங்கள். பலம் வேண்டாம், உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்.
5. இரண்டையும் அசையவிடாமல் நட்டை இறுக்குங்கள்.
6. கையை முன்னும் பின்னும் அசைத்து, தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள்.

நான்காம் படியில் எதிர்த்திசையில் திருப்பிவிட்டால் கவர்னர் பிடிக்காமல் இன்ஜின் எகிறும். அதனால் முதல் ஸ்டார்ட்டை லீவர் குறைந்த வேகத்தில் இருக்க, ஒரு கை சாவிமேல் இருக்கச் செய்யுங்கள். கவர்னர் கை நகர்ந்து த்ராட்டிலை மூடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபின் லீவரைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

மேல்வேகத்தைத் திருத்துவது

இது கடைசி வேலை. டாக்கோமீட்டர் இல்லாமல் செய்யவே கூடாத வேலையும் இதுதான். சில இன்ஜின்களில் இதற்கென்று ஒரு திருகு உண்டு. சில பிரிக்ஸ் இன்ஜின்களில் ஸ்பிரிங் மாட்டிய சிறு தகட்டு நாக்கை வளைத்துத்தான் மாற்ற முடியும். இன்ஜினை அணைத்து, துளியளவு வளைத்து, மறுபடி ஓட்டி அளவெடுங்கள். ஓடும்போது வளைக்காதீர்கள். கையேட்டின் எண்ணைத் தாண்டி 100 ஆர்.பி.எம். கூட வைக்க வேண்டாம். வெட்டு சரியாக விழவில்லை என்றால் பிளேடைச் சாணை பிடியுங்கள்.

வேகம் சீரானதும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் விசிறி மூடியையும் விடுபடாமல் மாட்டி, உயரமான புல்லில் அரை மணி நேரம் வெட்டிப் பாருங்கள். லீவரை முழு வேகத்திலேயே வைத்து வெட்டுங்கள். ஃப்ளைவீலின் விசிறிதான் இன்ஜினைக் குளிரவைக்கிறது, பாதி வேகத்தில் காற்று போதாது. முடித்ததும் பிளேடை நிறுத்தி, சற்று நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். ஆறியபின் ஆயில் அளவையும், கார்புரேட்டர் அடியில் ஈரம் கசிந்திருக்கிறதா என்பதையும், கவர்னர் நட்டின் இறுக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். திருத்தத்துக்குப் பின் வந்த ஆர்.பி.எம். எண்ணையும் தேதியையும் மார்க்கரால் பானட்டின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வசந்தத்தில் ஓசை மாறினால் எதோடு ஒப்பிடுவது என்று தெரியும்.